நெல் காயப்போட்ட குற்றம்

தியோதுலோ சார் முப்பத்தோரு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல் நடத்தியவர். சட்டம் போடுகிறவர், அதை நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று எங்கள் பிலிப்பைன்ஸின் பாங்கசினான் மாகாணத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடம் செய்வித்தவர் அவர்தான். நானும் அதில் ஒருத்தி. ஓய்வு பெற்றதும் தேர்தலில் நின்று எங்கள் ஊருக்குக் கேப்டன் ஆனார். ஊர்த்தலைவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

பதவியேற்ற பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஊர்க் காவலர்களை ஏவுவது கேப்டன். ஊர் மன்றத்துக்குத் தலைமை கேப்டன். யாராவது புகார் கொண்டுவந்தால் சமரசக் குழுவில் நடுவே உட்கார்ந்து விசாரிப்பதும் கேப்டன்.

"பெர்லா, இது எப்படிச் சரியாகும்?" என்று என்னிடம் கேட்டார். மூன்றுக்கும் நான்தான் செயலாளர்.

"சட்டத்துல அப்படித்தான் சார் இருக்கு. பிடிக்கலேன்னா மணிலாவுக்குத்தான் எழுதிப் போடணும்."

எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

எங்கள் ஊரில் அறுவடை முடிந்தால் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். போன முறை அந்த நெல்லில் மோட்டார் சைக்கிள் வழுக்கி, தபால்காரருக்குக் கை முறிந்துபோனது. அதனால் சார் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: சாலையில் நெல் காயப்போட்டால் மூன்று நாள் பாசன வாய்க்காலில் தூர் வார வேண்டும். மன்றத்து உறுப்பினர்கள் எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். அது நடவு நேரம். யார் வீட்டிலும் காயப்போட நெல் இல்லை.

அறுவடை வந்தது. முதலில் மாட்டியது பெலிசா. புருஷன் இறந்த பிறகு ஒண்டியாகப் பயிர் செய்கிறவள். காவலர் பெனிங் அவளைக் கூட்டிவந்தார், சார் விசாரித்தார், அவள் மூன்று நாள் முழங்கால் சேற்றில் நின்று வாரினாள்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலையில் கேப்டன் வீட்டு வாசலிலேயே சாலையில் நெல் பரப்பியிருந்தது. பெனிங் அதை இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தார். பிறகு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். பெலிசாவுக்கு வயிறு நன்றாக இருந்தது. நேரே அலுவலகத்துக்கு வந்தாள்.

"எழுதிக்க பெர்லா. குத்தவாளி லுமினாதா, கேப்டன் பொண்டாட்டி."

சார் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மனைவியை வரவழைத்து, சமரசக் குழு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க பேரு?"

"நாப்பது வருஷமா தெரியாதாக்கும்!" என்றாள் லுமினாதா.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சாலையில நெல்லைக் காயப்போடச் சொன்னது யாரு?"

"நீதான். திங்கக்கெழம சாயங்காலம் ரேடியோவுல புயல்னு சொன்னதும், 'ஈரமா கெடந்தா மொளச்சிடும், காலைல மொதல் வேலையா பரப்பிடு'ன்னு சொன்னியா இல்லியா?"

பெலிசா, "இப்ப அந்த நாற்காலியில யாரு உக்காருவா கேப்டன்?" என்றாள்.

சார் எழுந்து நின்றார். "ஒப்புக்கறேன். மூணு நாள். எழுதிக்கோ பெர்லா."

செய்தி பரவிய வேகத்தில் அன்று மத்தியானமே மன்ற உறுப்பினர்கள் அவசரமாகக் கூடினார்கள். புயலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. எல்லார் வீட்டிலும் ஈர நெல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. சட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்று நான்கு பேர். தபால்காரரின் மைத்துனரும் இன்னும் மூன்று பேரும் கூடாது என்றார்கள். சமமாக நின்றால் கேப்டன் ஓட்டுப் போட வேண்டும்.

"ரத்து பண்ணினா நான் தப்பிக்கத்தான் பண்ணினேம்பாங்க. பண்ணலேன்னா ஊர் நெல்லு அழுகிடும்" என்று என்னிடம் முணுமுணுத்தார். கடைசியில் ரத்துக்கு ஓட்டுப் போட்டார். "ஆனா நான் தப்பு பண்ணின அன்னிக்குச் சட்டம் இருந்துச்சு. என் தண்டனை அப்படியேதான்" என்று உரக்கச் சொன்னார்.

"சாருக்குக் கிறுக்கு புடிச்சிடுச்சு" என்று மன்றத்தில் ஒருவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

மறுநாள் காலை அவர் வாய்க்காலில் இறங்கினார். சாலை முழுக்க நெல் பொன்னாகப் பரவிக் கிடந்தது. பெலிசாவின் நெல்லும் அதில் இருந்தது. ஆட்கள் அவரைப் பார்க்காத மாதிரி கடந்து போனார்கள். பெனிங்குக்கு மட்டும் வயிற்றுவலி திரும்ப வந்துவிட்டது.

இரண்டாம் நாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. சார் போட்ட சட்டத்தை அங்கே பரிசீலனைக்கு அனுப்பிப் பல மாதம் ஆகியிருந்தது. நான் கரையில் நின்று வாசித்தேன்: ஊர் மன்றத்துக்கு அபராதம் விதிக்க மட்டுமே அதிகாரம் உண்டு, யாரையும் வேலை செய்யச் சொல்லித் தண்டிக்க அதிகாரமில்லை, ஆகவே இந்தச் சட்டம் செல்லாது.

"அப்போ?" என்றார் சார், சேற்றிலிருந்து.

"தொடக்கத்துலேருந்தே செல்லாது சார்."

பெலிசா பக்கத்துச் சாலையில் மரத்துடுப்பால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தினாள். "அப்போ நான் வாரின மூணு நாள்?"

சார் மண்வெட்டியைக் கரையில் வைத்தார். "தெரியல பெலிசா. அதைத் திருப்பித் தர எந்தச் சட்டத்துலயும் வழி இல்ல. என்னை மன்னிச்சிடு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "மேல வாங்க கேப்டன். புயலுக்கு முன்னால இதை மூட்டை கட்டணும், எனக்கு ஆள் இல்ல" என்றாள்.

அவர் கரையேறினார். கால் கழுவக்கூட நிற்காமல் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நாள் அவளுக்கு வேலை செய்யப் போனார், மழை இறங்கும்வரை.