தூக்குக்குண்டு

மணல் திடலின் நடுவில் நின்றுகொண்டு வாத்தியார் காலையிலிருந்து ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டிருந்தார்.

"காது, தோள், இடுப்பு, குதிகால். நாலும் ஒரே கோட்டுல வரணும்."

பத்தொன்பது வருடமாக இதைத்தான் கத்துகிறார். குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாவது மாதம் வீட்டில் நாற்காலியில் உட்காரும்போதுகூட முணுமுணுப்பார்கள். அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. குதிரை வாத்தியார், அவ்வளவுதான்.

அவர் கையிலிருந்த நீளக் கயிற்றின் மறுமுனையில் வெள்ளைப் பெட்டைக்குதிரை வட்டமடித்தது. நடந்தாலும் ஓடினாலும் முதுகு அலுங்காது என்பதால் அதற்கு மெத்தை என்று பெயர். மேலே பல் டாக்டரம்மா இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, வலது பக்கம் சரியுறீங்க. இடது இடுப்பெலும்புலயும் பாரம் போடுங்க."

"நேராத்தான் சார் உக்காந்திருக்கேன்."

"நேரா இருக்கிற மாதிரித்தான் தோணும். அதான் இதுல இருக்கிற கஷ்டமே."

அவளை இறக்கிவிட்டு, தானே ஏறிக் காட்டுவதற்காகக் குதிரைப் பக்கம் நடந்தார். அவர் மனைவியின் தம்பி அந்தப் பள்ளியில்தான் குதிரைகளைக் கவனித்துக்கொள்கிறான். அவன் சொல்லாமலே மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டான். முன்பெல்லாம் தரையிலிருந்தே ஒரு தாவில் ஏறிவிடுவார். இப்போது பெட்டிமேல் நின்று, சேணத்தைப் பிடித்துக்கொண்டு, இடது காலை ஒரு மூட்டையைப் போல அங்கவடிக்குள் தூக்கி வைத்தார். ஏறியபின் முகம் பழைய நிலைக்குத் திரும்பச் சிறிது நேரம் ஆனது.

ஒரு வட்டம் சுற்றி வந்தார். டாக்டரம்மா, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு உள்ளே பார்க்கிற மாதிரி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். நீங்களும் வலது பக்கம்தான் சரிஞ்சிருக்கீங்க."

அவள் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. தினமும் பல்வரிசை பார்த்துப் பழகிய கண், அவ்வளவுதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் தேநீரோடு நின்றிருந்த மேனேஜர் காதிலும் அது விழுந்துவிட்டது. அவர் வாத்தியாரைப் பார்த்தார். பிறகு அடுத்த திடலில் சுற்றிக்கொண்டிருந்த மூன்று மாணவர்களைப் பார்த்தார். மூன்று பேரும், யாரோ ஒரே கையால் தள்ளிவிட்டது போல, வலது பக்கமே சரிந்திருந்தார்கள். மேனேஜர் மீதித் தேநீரை மணலில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. வாத்தியார் பாரத்தை வலது காலில் போட்டு நின்றார்.

"ஆறு மாசமா சேர்ந்தவங்க எல்லாரும் ஏன் ஒரே பக்கம் சாயறாங்கன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் புரிஞ்சுது" என்றார் மேனேஜர்.

"நான் விழுந்ததிலேர்ந்துதான் சார் இப்படி. உங்களுக்கே தெரியும்."

மேனேஜருக்குத் தெரியும். எட்டு மாதம் முன்பு கறுப்புக் குதிரை ஒன்றைப் பழக்கம் பார்க்காமல் வாங்கி வந்தவர் அவர்தான். "சும்மா ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க" என்று வாத்தியாரை ஏறச் சொன்னவரும் அவர்தான். வேலிக் கம்பத்தில் மோதி விழுந்ததில் இடது இடுப்பு உடைந்தது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். கால் ஒன்றரை விரல்கடை குட்டையாகிவிட்டது. மூட்டு தேய்கிறது, இந்த வருடத்துக்குள் மாற்றாவிட்டால் நடை போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேலையில் பட்ட அடி, ஆபரேஷனைப் பள்ளியே செய்து தரவேண்டும் என்று வாத்தியார் மனு எழுதிக் கொடுத்து ஐந்து மாதமாகிறது. கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள்.

"பன்னெண்டாம் தேதி நம்ம பள்ளிக் கமிட்டி வருது. அவங்க முன்னாடி பத்து நிமிஷம் ஏறிக் காட்டுங்க. சீட் நேரா இருந்தா தொடரலாம். இல்லன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும். கத்துக் கொடுக்கிறவரே கோணலா உக்காந்தா யாரு சார் வருவாங்க?"

"அந்த மனு சார்?"

"அதையும் அன்னைக்கே எடுத்துடலாம். கமிட்டியில எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. நல்ல மனுஷன்."

பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

வாத்தியாரின் மனைவி கட்டட வேலையில் பூச்சுக்காரி. சாயங்காலம் விரலிடுக்கில் சிமெண்டோடு வந்தவளிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் முதலில் கைகால் கழுவி முடித்தாள்.

"நேரா இருக்கீங்களா இல்லையான்னு உங்களுக்கே தெரியலையா?"

"தெரியலையே. எனக்கு நேரா இருக்கிற மாதிரித்தான் இருக்கு."

"செவுரும் தன்னை நேரா இருக்கிறதாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கும்" என்றாள்.

மறுநாள் வேலையிடத்திலிருந்து மரத்தாங்கி ஒன்றைச் சொல்லிவிட்டு வாங்கி வந்தாள். பலகை போட்டு ஏறிநின்று பூசுவதற்கான அந்தத் தாங்கிக்குக் கட்டட வேலையிலும் குதிரை என்றுதான் பெயர். "எங்க குதிரை கடிக்காது, உதைக்காது, கொள்ளும் கேக்காது" என்று சொல்லிக்கொண்டே அதைப் பின்கட்டில் துவைகல் பக்கத்தில் நிறுத்தினாள். தம்பி பழைய சேணம் ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் கட்டினான். வாத்தியார் ஏறி உட்கார்ந்தார். அண்டை வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயின.

அவள் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தாள். நூலின் முனையை அவர் பிடரியில் வைத்துக் குண்டைக் கீழே விட்டாள். அது ஆடி, ஆடி, நின்றது. சேணத்தின் நடுத்தையலுக்கு மேல் நிற்கவேண்டிய குண்டு மூன்று விரல் வலப்புறம் தள்ளி நின்றது. அடுத்து, நடுவில் குமிழி ஓடும் ரசமட்டத்தை அவர் பெல்ட்டின்மேல் வைத்தாள். குமிழி இடது பக்கம் ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"வலது பக்கம் பூரா இறங்கிக் கிடக்கு. செவுரா இருந்தா மேஸ்திரி இடிக்கச் சொல்லிடுவாரு."

"இடிச்சுட்டு?"

"உங்களை எங்க இடிக்கிறது. சில்லு வச்சு ஏத்த வேண்டியதுதான்."

சொன்னபடியே செய்தாள். சாக்குத்துணியை மடித்துத் தைத்து, சேணத்தின் வலது பக்கம் அடியில் கொடுத்தாள். குட்டையான இடது காலுக்கு, பூட்ஸுக்குள்ளே தக்கை வைத்து உயர்த்தினாள். தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, ஒவ்வொரு தடவையும் குண்டை விட்டுப் பார்த்தாள். சுவரில் எப்படியோ அப்படியே இதிலும் அவளுக்கு அவசரம் கிடையாது.

வலப்பக்கம் உயர்ந்ததும் பாரம் இடது இடுப்புக்கு வந்தது. இத்தனை மாதம் உடம்பு தனக்குத் தெரியாமலே தூக்கிவைத்துக் காப்பாற்றிய இடம் அது. முதல் நாள் ஒரு நிமிடத்தில் அவருக்குக் கண் இருட்டியது. அவள் இறக்கிவிட்டாள். இரண்டு பேரும் துவைகல்லில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேணாங்க. விட்டுடலாம்."

"விட்டா வேலை போயிடும். வேலை போனா மனுவும் போச்சு. ஆளே அங்க இல்ல, யாருக்கு ஆபரேஷன் பண்ணுவாங்க? பத்து நிமிஷம்தானே. அது முடிஞ்சா மூட்டு மாத்திடலாம்."

அவளுக்கும் அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை. மறுபடி நூலை எடுத்தாள்.

ஆறாம் நாள் நான்கு நிமிடம் தாங்கினார். பத்தாம் நாள் ஏழு. சாயங்காலமானால் பின்கட்டில் அவள் குரல் கேட்கும். "காது முன்னால வருது. தோளை விடுங்க. மூச்சு விடுங்க, மூச்சை ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க?" பத்தொன்பது வருடம் ஊருக்கெல்லாம் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் குஷியும் இருந்தது. வலியில் வாயைக் கடித்துக்கொண்டிருக்கும்போதும் அவருக்குச் சிரிப்பு வரும். தம்பி பக்கத்தில் நின்று, "மாமா, இன்னும் ரெண்டு நாள்ல அக்கா உங்களுக்கு வெள்ளையே அடிச்சுடும்" என்பான்.

பதினைந்தாம் நாள் குண்டு நடுத்தையலின்மேல் நின்றது. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. பக்கவாட்டில் காதிலிருந்து விட்ட நூல் தோளை உரசி, இடுப்பைத் தொட்டு, குதிகாலில் இறங்கியது. அவள் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"இந்த மாதிரித் தூக்கு புதுக் கட்டடத்துலகூட நிக்காது" என்றாள். அவர் முகம் முழுக்க வேர்த்திருந்தது.

பன்னிரண்டாம் தேதி அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாடிச் சுவர் அன்றைக்கே பூசி முடிக்கவேண்டும் என்றார்கள். தம்பி மெத்தையை லாயத்துக்குப் பின்னால் கொண்டுபோய், யாரும் பார்க்காத இடத்தில் பெட்டி போட்டு மாமாவை ஏற்றிவிட்டான். சேணத்துக்கு அடியில் சாக்குத்துணி ஒழுங்காக இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துக்கொண்டான்.

திடலோரம் கூரைக்குக் கீழே ஐந்து நாற்காலிகளில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. மாணவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் நடையில் இரண்டு சுற்று, மெல்லோட்டத்தில் நான்கு சுற்று, பிறகு திசைமாற்றி இன்னொரு நான்கு சுற்று வந்தார். ஒவ்வொரு அடிக்கும் இடது இடுப்புக்குள் யாரோ ஆணியைத் திருகினார்கள். அவர் பின்கட்டையே நினைத்துக்கொண்டார். பிடரியில் நூல் இருக்கிறது, குண்டு ஆடக்கூடாது. எட்டாவது நிமிடம் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்ததில் ரத்தம் கரித்தது. வேலியோரம் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், காற்றில்லாத நேரத்துக் கொடிக்கம்பம் போல ஒரு மனிதர் குதிரைமேல் போய்வருவதுதான்.

முடிந்ததும் கைதட்டினார்கள். கமிட்டித் தலைவர் எழுந்தே நின்றார். போட்டோ எடுத்தார்கள். பிறகு ஐந்து பேரும் தலையைக் குனிந்து ஏதோ காகிதங்களைப் பார்த்துப் பேசினார்கள். எலும்பு டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். இறங்கினால் நடக்கவேண்டும், நடந்தால் தெரிந்துவிடும் என்பதால் வாத்தியார் குதிரைமேலேயே இருந்தார்.

மேனேஜர் மணலைத் தாண்டி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல சேதி. வேலை உங்களுக்குத்தான். தலைவரே அசந்துட்டாரு. இந்த போட்டோவைப் பெருசா அடிச்சு வாசல்ல மாட்டச் சொல்லியிருக்காரு."

"அந்த மனு சார்?"

"அதுவும் முடிஞ்சுது. டாக்டர் கண்ணால பார்த்துட்டாருல்ல. இடுப்பு மூட்டு தேஞ்ச ஆளு பத்து நிமிஷம் இப்படி உக்காரவே முடியாதாம். ஆபரேஷன் தேவையில்லைன்னு எழுதிட்டாரு. உடம்புல கத்தி படாம தப்பிச்சீங்க, சந்தோஷப்படுங்க."

வாத்தியார் தன் இடது காலைப் பார்த்தார்.

"சார், பூட்ஸுல..."

"பூட்ஸுக்கு என்ன?"

தக்கை இருக்கிறது என்று சொன்னால் சாக்குத்துணியையும் சொல்லவேண்டும். அதையும் சொன்னால் கோணல் வெளியே வந்துவிடும், இப்போது கிடைத்த வேலை இப்போதே போய்விடும். மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார். தம்பி கடிவாளத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"புதுசு ஒரு ஜோடி வாங்கித் தரச் சொல்றேன்" என்றார் மேனேஜர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

கமிட்டி உள்ளே தேநீர் குடிக்கப் போனது. தம்பி மெத்தையை லாயத்துக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போய்ப் பெட்டியைப் போட்டான்.

"மாமா, இறங்குங்க."

"கொஞ்சம் இரு."

வலது காலைச் சேணத்துக்கு மேலே தூக்கிப் போட்டால்தான் இறங்கமுடியும். அதற்கு உடம்பு முழுவதையும் இடது இடுப்பு தாங்கவேண்டும். அவர் முயன்றார். இடது இடுப்பு தாங்கவில்லை. இன்னொரு முறை முயன்றார். அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. பின்னால் யாரோ கலவை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சுங்க? குண்டு விலகலையே?"

"விலகல."

"வேலை?"

"இருக்கு. கைதட்டினாங்க."

"அப்பாடா. அப்ப ஆபரேஷனுக்கு எப்போ வரச் சொன்னாங்க? நான் இப்பவே லீவு சொல்லி வச்சிடறேன்."

மெத்தை தலையை ஒருமுறை ஆட்டியது. வாத்தியார் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ மாடியில நிக்கிற. பார்த்து வேலை பாரு. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

போனைப் பைக்குள் போட்டார். தம்பி பெட்டியின்மேல் ஏறி அவரைச் சுற்றிக் கைபோட்டான். "தோள்ல சாஞ்சுக்குங்க மாமா. நான் தூக்கிடறேன்" என்றான். தொட்டதுமே அவர் உடம்பு விறைத்தது. அவன் கையை எடுத்துவிட்டான்.

பல் டாக்டரம்மா ஒரு புது மாணவியோடு காரை நோக்கி அந்த வழியாக வந்தாள். குதிரைமேல் இருந்தவரைப் பார்த்ததும் மரியாதையாகச் சற்றுத் தள்ளியே நின்றாள்.

"பாத்தியா" என்று மெதுவாகச் சொன்னாள். "யாருமே பார்க்காதப்பவும் எப்படி நேரா உக்காந்திருக்காரு."

புது மாணவி பார்த்தாள். வாத்தியார் தோளைத் தளர்த்தி, குதிகாலைக் கீழே அழுத்தினார்.