ஜிப்காரம்மா காணாமல்போன இருபது நாட்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று வங்கியிலிருந்து வந்த ஒரு போனிலிருந்து.

"சார், உங்க மாடிப்படிக்குக் கீழ பை ரிப்பேர் பண்ற அம்மா லோன் கேட்டிருக்காங்க. கடைக்கு போர்டு இல்ல, லைசென்ஸ் இல்ல. விசாரிக்க உங்க நம்பரைக் குடுத்திருக்காங்க. ஆள் எப்படி?"

என் நம்பர் இவளுக்கு எப்படிக் கிடைத்தது? எனக்கு முதலில் தோன்றியது இதுதான். (பை தயாரானதும் கூப்பிடச் சொல்லி நானேதான் கொடுத்தேன். அது பிறகுதான் ஞாபகம் வந்தது.)

2

முதல் தொடக்கம்: "ஜிப்காரம்மாவின் விரல்கள்..." சே, வேண்டாம். விரலில் கதையைத் தொடங்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

இரண்டாவது: அறுந்த ஜிப்பு, பிய்ந்த கைப்பிடி, எதைக் கொடுத்தாலும் சரிசெய்துவிடுவாள். தையல் மிஷின் மட்டும் வாடகை. இந்த மாதக் கடைசியில் சொந்தக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான். லோன் வந்தால் புது மிஷின், வராவிட்டால் பிழைப்பே போச்சு. இது இருக்கட்டும்.

3

"எப்பவாவது திடீர்னு காணாமப் போயிருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

கதை எழுதுகிறவனுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. போன வருஷம் இருபது நாள் அந்தப் படிக்கட்டின் அடி காலியாகக் கிடந்தது. யாரையோ ஏமாற்றிவிட்டு ஓடிப்போனாள் என்று அப்போது ஒரு கதை ஆரம்பித்து, பாதியில் விட்டேன். விட்டது கதையை மட்டும்தான். நானே கட்டிய கதையை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

"அது வந்து..." என்று இழுத்தேன். "ஒரு இருபது நாள் ஆளையே காணோம் சார்."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

4

இன்று காலை அவள் மாடியேறி வந்தாள்.

"அண்ணே, நான் ஒரே இடத்துல நிலையா இருக்கறதில்லன்னு லோனை நிறுத்தி வச்சிருக்காங்களாம். என்னண்ணே சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். அந்த இருபது நாள் எங்கேம்மா போயிருந்தே?"

"நான் எங்க போனேன்? வெள்ளையடிக்கணும், படிக்கட்டைக் காலி பண்ணச் சொல்லுங்கன்னு குடியிருக்கறவங்க எல்லாரும் வீட்டு ஓனருக்கு எழுதிக் குடுத்தீங்களே! முதல் கையெழுத்தே உங்களோடதுதானே. வீட்டுலயே உக்காந்து தச்சேன். அந்த இருபது நாள்லதான் உங்க பையைக்கூட இங்க வந்து குடுத்துட்டுப் போனேன்?"

கோபப்பட்டிருந்தாலாவது திருப்பிப் பேசியிருப்பேன். அவள் விஷயத்தை மட்டும் சொன்னாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

(இடையில் ஒன்று: போர்டும் பத்திரமும் இல்லாத தொழிலுக்கு அக்கம்பக்கத்தார் வாய்தான் பத்திரம். அந்த வாயை யாரும் சரிபார்ப்பதில்லை.)

5

லோன் கிடைப்பதாக ஒரு முடிவு எழுதலாம்; நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே மிஷின் வாங்கிக் கொடுப்பதாக முடித்தால், அதில் நான் ரொம்ப நல்லவனாகத் தெரிகிறேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் எதிரிலேயே அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா சார்?" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா இப்ப உங்க பக்கத்துல நிக்கறாங்களா?"

நிற்கிறாள். ஆமாம் என்றால், அவள் சொல்லிக்கொடுத்து நான் பேசுகிறேன் என்று எழுதிக்கொள்வார். இல்லை என்றால், அவளைப் பற்றி இதே வாயால் இரண்டாவது பொய்.

அவர் காத்திருக்கிறார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் வாயை இனி நான் நம்புவதாயில்லை. என்ன சொல்லட்டும்? நீங்கள் சொல்லுங்கள், சீக்கிரம்.