கடைசிப் பெயர்

நோயாளிகளின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, எந்த நோய் எங்கே பரவுகிறது என்று ஆராய்வது எங்கள் துறை. நாகர்கோவிலில் ஒரு மருத்துவக் கல்லூரி. துறையில் மொத்தம் ஆறு பேர். ஆய்வுத் தலைவர் பதவிக்கு, எழுதிய கட்டுரைகளை எண்ணிக் கணினி மதிப்பெண் போட்டபோது, கிளீட்டஸ் என்கிற எனக்கு முதலிடம். துறையையே உண்டாக்கிய சுபிதா மேடத்துக்கு இரண்டாம் இடம்.

வீட்டில் மீன் வாங்கக்கூட என்னிடம் யோசனை கேட்பதில்லை. அப்படிப்பட்டவனை ஆய்வுத் தலைவன் என்றது கணினி! வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. பொய் சொல்வானேன், அந்த அறைக்கதவில் என் பெயரை ஒருமுறை மனத்துக்குள் மாட்டியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வினை எங்கே என்றால், மேடம் கட்டுரையில் பெயர்களைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி போடுவார். பெரியவர்கள் முன்னால், தான் நடுவில், சின்னவன் நான் கடைசியில். எங்கள் ஊரில் அந்த வரிசை தப்பினால் தாய்மாமன் கல்யாணத்துக்கே வரமாட்டார். ஆனால் மருத்துவக் கட்டுரையில் கடைசிப் பெயர்தான் ஆய்வை நடத்தியவருக்கு உரியது. கல்லூரியின் புதுக் கணக்கு அந்த இடத்துக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டது.

"தெரியாமலா மேடம் போட்டிய?" என்று கேட்டேன்.

"தெரியும். அப்போ இதை யாரு எண்ணினா? பெரிய ஆளுவளை எப்பிடிப் பின்னால தள்ளுவேன்?" சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் தேர்வுக் குழுத் தலைவர் குமாரதாஸ் முன்னால் எங்கள் துறை எழுதிய பதினோரு கட்டுரைகளையும் வைத்தேன்.

"மதிப்பெண் பட்டியல் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

"சார், ஒவ்வொண்ணுக்கும் அடியில யாரு என்ன செஞ்சாங்கன்னு பொடி எழுத்துல இருக்கு. அதை மட்டும் வாசியுங்க."

வாசித்தார். 'யோசனை, திட்டம், மேற்பார்வை: சுபிதா. கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களில் வீடு வீடாக விவரம் சேகரித்தது: கிளீட்டஸ்.' பதினோரு முறையும் ஏறக்குறைய அதே வரி. கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நாங்க ஒருத்தரும் பாக்கல்லியே" என்றார்.

பதவி மேடத்துக்கே வந்தது.

அடுத்த கட்டுரை, கடலுக்குப் போகிறவர்களின் இரத்த அழுத்தம் பற்றியது. பாடம் படித்தவனாக மேடத்தின் பெயரைக் கடைசியில் அடித்துக் கொடுத்தேன். உடனே கூப்பிட்டார்.

"ஏலே கிளீட்டஸ், இது யாருக்க யோசனை?"

"எனக்கதுதான். ஆனா மேடம்..."

"பின்னே என்ன ஆனா? நீ கடைசியில நில்லு மக்கா. இப்போ அது ஒனக்க எடம்."

தன் பேனாவாலேயே என் பெயரை வட்டமிட்டுக் கடைசிக்கு அம்புக்குறி போட்டார். இந்தத் தடவை எனக்கு வெட்கமாக இல்லை.