தொங்கி ஏறும் மேடு

நான்காவது நாளாக மேட்டுக்குப் போக லாரி வரவில்லை. நாட்டில் எங்கும் டீசல் இல்லை. புஜும்புரா நகரத்தை விட்டு ரோடு மலையேறத் தொடங்கும் இடத்தில், மாமர நிழலில், பதினேழு சைக்கிள்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். எல்லோரும் மேலே மலையூர் புகராமாவிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கியவர்கள். இறங்குவதற்கு யார் தயவும் வேண்டாம், பாரமே இழுத்துக்கொண்டு வந்துவிடும். திரும்பி ஏறுவதற்குத்தான் லாரி வேண்டும். லாரியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் முப்பத்தைந்து கிலோமீட்டரையும் மிதிக்காமலே ஏறிவிடலாம்.

நியாண்ட்வி மட்டும் படுக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பிரேக் ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தான். கடையில் விற்கும் ரப்பர் இந்த இறக்கத்தில் இரண்டு நாள்கூட நிற்காது, கருகிப் புகை கக்கிவிடும். லாரி டயரை இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து, முன்பக்கத்தைச் சாய்வாகச் சீவி, நூல் தெரியும் பக்கம் வெளியே வரும்படி முறுக்க வேண்டும். தம்பி மினானி வெட்டினால் பத்து இறக்கம் தாங்கும். மினானி இப்போது அதை மட்டும்தான் செய்கிறான். புகராமா சந்தையில் ஒரு சாக்கில் உட்கார்ந்து எல்லோருக்கும் ரப்பர் வெட்டித் தருகிறான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவனும் சைக்கிள்காரன்தான். மூங்கில் வளைவில் ஒரு நீல லாரி, பின்னால் தொங்கியவர்களை உதறுவதற்காக வேண்டுமென்றே ஒடித்துத் திருப்பியது. மினானியின் இடதுகால் பின்சக்கரத்துக்கு அடியில் போயிற்று. "பையன் முட்டக் குடிச்சிருந்தான்" என்று டிரைவர் சொன்னதைப் போலீஸ் அப்படியே எழுதிக்கொண்டது. மினானி குடித்ததே இல்லை. டிரைவரின் பெயர் கபுரா. அந்தப் பெயரை நியாண்ட்வி எட்டு மாதமாக உமிழ்நீரோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறும் நேரத்தில் அந்தக் கபுராவே நடந்து வந்தான். கக்கத்தில் சாக்கில் சுற்றிய ஏதோ கனமான பொருள்.

"யாருப்பா மேலே போறது? என்னை உடனே புகராமாவுக்குக் கொண்டுபோய் விடணும்."

"சொர்க்கத்துக்கு வழி கேளுங்க, சொல்றோம். புகராமாவுக்கு மட்டும் கேக்காதீங்க" என்றான் படுத்திருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"விளையாடாதப்பா. என் லாரி சந்தையில நிக்குது. வாட்டர் பம்ப் போச்சு. விடிகாலையில போலீஸ் ஜீப்புல தொத்திக்கிட்டு வந்து வேற பம்ப் வாங்கியிருக்கேன். தக்காளி ஏத்தி மூணு நாளாச்சு. இன்னிக்கு வண்டி கிளம்பலைன்னா மொத்தமும் சாறாப் போயிரும்."

நியாண்ட்வி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். கபுரா அவன் முகத்தை நேராகப் பார்த்தான், அடையாளம் தெரியவில்லை. காலை இழந்தவனுக்காகப் போலீஸ் வாசலில் மூன்று நாள் நின்றவனின் முகம் அது. ஆனால் டிரைவர் சீட்டில் இருப்பவனுக்குச் சைக்கிள்காரன் என்றால் கண்ணாடியில் தெரியும் நாலு விரல்தான்.

"நான் கூட்டிட்டுப் போறேன்ணே."

"எவ்வளவு கேப்பே?"

"மேல போய்ப் பேசிக்கலாம். ஏறி உக்காருங்க."

உச்சிப் பொழுதில் சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிக்கொண்டு வந்தது. பதினேழு பேரும் பாய்ந்தார்கள். நியாண்ட்வி வலதுபக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் தொங்கிய சங்கிலியை இடது கையால் கவ்விக்கொண்டான். கபுரா பின்னால் கேரியரில், மடியில் பம்ப்போடு.

"அண்ணே, நீங்களும் சங்கிலியைப் பிடிக்கணும். ரெண்டாள் பாரத்தை என் ஒரு கை தாங்காது."

"நானா?"

"பின்ன யாரு? முழங்காலை உள்ள மடக்கிக்குங்க. பக்கத்துல சக்கரம் சுத்துது, அதைப் பாக்காதீங்க. பாத்தா உடம்பு தானா அந்தப் பக்கம் சாயும். புகை வந்தா வாயால மூச்சு விடுங்க. முக்கியமா ஒண்ணு, நான் 'விடு'ன்னா அந்த நொடியே விடணும். நான் விட்டு நீங்க பிடிச்சிருந்தா உங்களை மட்டும் லாரி இழுத்துட்டுப் போயிரும்."

சொல்லிவிட்டு நியாண்ட்வி முன்னால் திரும்பிக்கொண்டான். சொன்னதெல்லாம் உண்மை. எந்தப் புதுச் சைக்கிள்காரனுக்கும் இதைத்தான் சொல்வான். ஆனால் யாருக்கும் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

சங்கிலி வெயிலில் கொதித்தது. கபுரா ஒவ்வொரு குழியிலும் முனகினான். அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, ஆள் உயரச் சக்கரம் கல்லை நொறுக்கிக்கொண்டே உருண்டது. அவன் இன்னொரு கையால் நியாண்ட்வியின் சட்டையைப் பிடித்திருந்த பிடியில் தையல் விட்டது.

"ஏண்ணே, நீங்க ஓட்டும்போது எங்காளுங்க தொங்கினா என்ன செய்வீங்க?"

"இப்பப் போய் என்னடா கேள்வி?"

"சும்மா சொல்லுங்க. பேசிட்டே வந்தா பயம் தெரியாது."

"லேசா ஒடிச்சு விடுவேன். உண்ணி உதுர்ற மாதிரி உதுந்துருவானுங்க." சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது போலும். "எல்லா டிரைவரும் செய்யறதுதான் தம்பி. டீசல் ஜாஸ்தி குடிக்குதுன்னு முதலாளி திட்டுவான்."

அந்த நேரம் பார்த்து சிமெண்ட் லாரிக்காரனும் லேசாக ஒடித்தான். சக்கரம் அவர்கள் பக்கம் வந்தது. பின்னால் இரண்டு பேர் பிடி விட்டு மண்ணில் புரண்டார்கள்.

"டேய்! நான் கபுராடா! நானும் டிரைவர்டா!" என்று கபுரா தொண்டை கிழியக் கத்தினான். லாரிக்காரன் காதில் விழுந்ததோ இல்லையோ, இன்னொரு முறை ஒடித்தான். நியாண்ட்விக்கு வயிறு குளிர்ந்தது. எட்டு மாதத்தில் அவன் கேட்ட நல்ல சங்கீதம் அதுதான்.

மூங்கில் வளைவு வந்தது. இந்த இடத்தில் எத்தனை ராத்திரி மனசுக்குள் கபுராவைக் கொன்றிருக்கிறான்! இப்போது கொல்லக்கூட வேண்டாம். சொல்லாமல் தான் மட்டும் கையை விட்டால் போதும். மீதியைச் சங்கிலியும் சக்கரமும் பார்த்துக்கொள்ளும். விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். அப்போதுதான் தோன்றியது, கொல்வது யார், எதற்கு என்று தெரியாமல் இவன் சாவதில் என்ன லாபம்?

"விடு!"

இருவரும் ஒன்றாக விட்டார்கள். சைக்கிள் தள்ளாடி ஓரத்துப் புல்லில் நின்றது. கபுரா இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஏன் தம்பி நிறுத்திட்டே?"

"என் தம்பி காலை நீ இங்கதான் எடுத்தே. மினானி. ஞாபகம் இருக்கா? குடிச்சிருந்தான்னு போலீஸ்ல சொன்னியே."

கபுரா அவனை ஏறிட்டுப் பார்த்தான். பயந்துதான் பார்த்தான், ஆனாலும் உண்மையாகவே யோசித்தான்.

"மழைக்காலத்துலயா? மஞ்சச் சட்டை போட்டிருந்தானே, அந்தப் பையனா?"

"மஞ்சச் சட்டை இல்ல."

"அப்போ... அவன் சந்தைக்குப் பக்கத்துல விழுந்தவன். இங்கேயா? இங்கே ஒருத்தன் விழுந்தானா?" அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "தம்பி, சத்தியமா எனக்கு யாருன்னு தெரியல."

எட்டு மாதமாக நியாண்ட்வி இந்த நேரத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான். கபுரா சாவான், அழுவான், காலில் விழுவான் என்றெல்லாம் நினைத்திருந்தான். மறந்திருப்பான் என்று நினைக்கவில்லை. கபுராவின் மடியிலிருந்த சாக்கைப் பிடுங்கிப் பிரித்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு பம்ப் கையில் வழுக்கியது. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தான். மூங்கிலில் பட்டு, பாறையில் பட்டு, கீழே வெகு தூரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அடப்பாவி! தக்காளிடா! மொத்த லோடும் போச்சுடா!"

"போகட்டும். உன் முதலாளி வயிறு எரியட்டும். இனி இந்த இடம் மறக்காதுல்ல உனக்கு?"

கபுரா தவழ்ந்து பள்ளத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நியாண்ட்வி சைக்கிளை உருட்டினான். மீதி ஒன்பது கிலோமீட்டர். வழி முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே தள்ளினான். இப்படி இலேசாக அந்த மேட்டை அவன் ஏறியதே இல்லை.

புகராமா சந்தை வெறிச்சென்று இருந்தது. நடுவில் அந்த நீல லாரி. அதைச் சுற்றி அவன் ஊர்க் குன்றிலிருந்து வந்த பெண்கள் இருபது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். வண்டியின் பலகை இடுக்குகளில் சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது. மினானியின் பெண்டாட்டி கொரேத்தி அடியில் ஒரு அலுமினியச் சட்டியை வைத்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா மாமா! நாலு நாளா என்ன ஆனீங்களோன்னு கிடந்தோம்."

"நீ இங்க என்ன பண்றே?"

"டீசல் இல்லைன்னு ஒரு வியாபாரியும் வரல. செடியிலேயே அழுகுதேன்னு எல்லாருமாச் சேந்து, வேற வண்டியே கிடைக்காம, உங்க தம்பி காலை எடுத்த இதே லாரியை வாடகைக்குப் பிடிச்சோம். ஏத்தின அன்னிக்கே நின்னுருச்சு. நின்னாலும் நாள் வாடகை நாள் வாடகைதானாம், முதலாளி போன்ல கறாராச் சொல்லிட்டான். பம்ப்பும் நீங்களே வாங்கிக்குங்கன்னுட்டான். உங்க தம்பி ரப்பர் வெட்டிச் சேத்து வெச்சதைத்தான் டிரைவர்கிட்டக் குடுத்து அனுப்பியிருக்கோம்."

நியாண்ட்வி சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

"வழியில டிரைவரைப் பாத்தீங்களா? பம்ப் கிடைச்சிருச்சாமா?"

மற்ற பெண்களும் திரும்பி அவன் வாயையே பார்த்தார்கள். அவன் சைக்கிள்மீது சாய்ந்துகொண்டான். களைப்பு என்று கொரேத்தி நினைத்துக்கொண்டாள். காலடியில் இருந்த கூடைக்குள் கைவிட்டுத் துழாவி, இன்னும் கெடாத ஒரே ஒரு தக்காளியைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, எண்ணெய்க் கறுப்பு அப்பியிருந்த அவன் கையில் வைத்தாள்.

"தின்னுங்க மாமா. பட்டினியாத்தான் வந்திருப்பீங்க" என்றாள். பிறகு குனிந்து, நிறைந்துவிட்ட சட்டியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள்.