சிவந்த முகமும் சாத்தாத கதவும்

மரச்சாமான் கடையில் புகார் கேட்கும் மேசை அவளுடையது. காலையுணவோடு விழுங்கிய மாத்திரை, கடை திறந்த சற்றைக்கெல்லாம் தன் வேலையைக் காட்டும். முதலில் காது மடல் சுடும். பின்னர்க் கன்னமும் கழுத்தும் அரிப்போடு எரிந்து சிவக்கும். உடலின் காவற்படையே நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் அவளுக்கு. அப்படையை அடக்க வந்த மாத்திரை தோலிடம் வம்புக்கு நின்றது. "போகப்போகக் குறையும், நீங்களா நிறுத்திடாதீங்க" என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார்.

கணவனோ, "மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குதே, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்?" என்று அன்றாடம் கேட்டு, வராத கோபத்தையும் வரவழைத்தான்.

மேலாளரின் கவலை வேறு. "நீங்க சிவந்தா, தப்பு நம்ம மேலதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுதும்மா. நாளையிலிருந்து கிடங்குக்குப் போயிடுங்க."

"மாத்திரை சார், மாத்திரை!" என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. கிடங்கில் நாள் முழுதும் நிற்கவேண்டும். சிறிது நின்றாலே துவளும் இடக்காலை உடையவளுக்கு, அது வேலையை விட்டுப் போ என்பதற்கு ஒப்பாகும்.

அன்றே, அலமாரிக் கதவைச் சாத்த முடியவில்லை என்று ஒருவர் வந்து மேசையைத் தட்டினார்.

"எங்க ஆளுங்க வர்றதுக்குள்ள நீங்களே அலமாரிய மாடிக்கு இழுத்துட்டுப் போனீங்களா சார்? இழுத்தா சட்டம் கோணிக்கும்."

அந்நேரம் பார்த்துக் காது சுட்டது.

"பாருங்க, மூஞ்சி செவக்குது! மனசாட்சி குத்துதில்ல?"

"மனசாட்சி இல்ல சார், மாத்திரை. நான் சிவந்தா உங்க கதவு நேராயிடுமா?"

"என்ன, நக்கலா?"

கூச்சல் கேட்டு மேலாளர் விரைந்து வந்தார். சினத்தால் அவருடைய வழுக்கை வரை சிவந்திருந்தது.

அலமாரிக்காரர் கைகொட்டினார். "ஆகா, மேனேஜரும் ஒத்துக்கிட்டாரு!"

"நான் என்னய்யா ஒத்துக்கிட்டேன்? என் உடம்புவாகு அப்படி! மூஞ்சியப் பாத்தே தீர்ப்பு சொல்லிடுவீங்களா?"

சொல்லி முடித்தவர் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டார். அவள் ஈரத்துணியைக் கழுத்தில் ஒற்றியவாறு அவரையே நோக்கினாள்.

"என்னம்மா பாக்கறீங்க?"

"கிடங்குக்கு எத்தனை மணிக்கு வரணும் சார்?"

"கிடங்காம் கிடங்கு! உக்காந்து முதல்ல இத முடிங்க" என்று முணுமுணுத்தவாறு அவர் தம் அறைக்குள் புகுந்து கதவை அறைந்து சாத்தினார். அக்கதவு நன்றாகவே சாத்திக்கொண்டது.

"அப்ப என் கதவு?" என்றார் அலமாரிக்காரர்.

அவளுடைய கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டு அமர்ந்தாள்.

"மறுபடியும் கேக்கறேன் சார். மாடிக்கு யார் இழுத்தாங்க?"