நெவெனாவின் பின்பட்டத் தக்காளி

நெவெனாவின் கணவன் ஸ்பாஸ், டான்யூப் ஆற்றில் ஓடும் சரக்குப் படகு ஒன்றில் எந்திரம் பார்ப்பவன். பனி உருகும்போது போவான், அக்டோபர் நடுவில் திரும்புவான். எங்கள் ஊரில் தக்காளி பழுப்பதோ ஜூலையிலும் ஆகஸ்டிலும். அவன் வந்து சேரும்போது தோட்டத்தில் வெறும் குச்சிகள்தான் நிற்கும். தக்காளியெல்லாம் குளிர்காலத்துக்காகப் பதப்படுத்தி ஜாடிக்குள் போயிருக்கும்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் ஜாடியிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே அவன் சொன்னான், "ருசியாத்தான் இருக்கு. ஆனா நம்ம செடியில பறிச்சு, நின்ன இடத்துலயே கடிச்சுத் தின்னு எத்தனை வருஷமாச்சு!"

குறையாகச் சொல்லவில்லை. ரொட்டியைப் பிட்டவாறே சொல்லிவிட்டு மறந்தும் போனான். நெவெனாதான் மறக்கவில்லை.

இலைக்கும் தண்டுக்கும் இடையில் முளைக்கும் பக்கத் தளிர்களை நாங்கள் எல்லோருமே கிள்ளி எறிவோம், இல்லாவிட்டால் செடி புதராகிவிடும். இந்த ஜூலையில் நெவெனா அவற்றைக் கோழிகளுக்குப் போடவில்லை. தண்ணீர் ஊற்றிய ஜாடிகளில் செருகி, சமையலறை ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள். அடுத்த வாரமே வெள்ளை வேர் விட்டது. பூண்டு பிடுங்கிய பாத்தி சும்மாதான் கிடந்தது. அதில் நட்டாள்.

பக்கத்து வீட்டு மிங்கோ வேலிக்கு மேல் தலையை நீட்டினார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தனி ஆள். மற்றவர்கள் தோட்டத்தை மேற்பார்வை பார்ப்பதை இப்போது அவர் முழுநேர வேலையாக வைத்திருந்தார்.

"ஏம்மா, இப்பவா தக்காளி நடுறே? பறிக்கப் போறப்ப கையுறை மாட்டிக்க. காய் மேல பனி உக்காந்திருக்கும்."

"உங்க கையுறையையே குடுங்க அண்ணே. நீங்க எங்க வேலை செய்யப் போறீங்க."

அதற்குப் பிறகு கடைத்தெருவில் இதே பேச்சாகிவிட்டது. ஸ்பாஸிடம் மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாது என்று நெவெனா ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

ஆகஸ்டு வெயிலில் முதலில் வந்த பூவெல்லாம் உதிர்ந்தது. அவள் சோளத்தட்டை நட்டு நிழல் கட்டினாள், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். செப்டம்பரில் எங்கள் செடிகளெல்லாம் கருகல் நோயில் சாய்ந்தபோது, பூண்டுப் பாத்தியில் மட்டும் இளம்பச்சையாய்ச் செடிகள் நின்றன, கொத்துக் கொத்தாய்க் காய்களோடு. மிங்கோ வேலியோரம் வருவது குறைந்தது. வந்தாலும் வானிலையைப் பற்றியே பேசினார்.

காய்கள் லேசாகச் சிவக்கத் தொடங்கிய நேரத்தில் ஸ்பாஸிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்து படகு மணல் திட்டில் நிற்கிறதாம், வர ஒரு வாரம் தாமதமாகுமாம். அந்த வாரக் கடைசியில் இரவு உறைபனி விழும் என்று வானொலியில் சொன்னார்கள். காயாகவே பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. உறைபனி விழும் என்று சொன்ன நாள், சாயங்காலமே வீட்டிலிருந்த போர்வை, கம்பளி, ஜன்னல் திரை, கல்யாணத்துக்கு வந்த மேஜை விரிப்பு எல்லாவற்றையும் தோட்டத்துக்குச் சுமந்து வந்தாள்.

செடி மேல் அப்படியே போட்டால் பாரத்தில் ஒடிந்துவிடும் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் மிங்கோ ஆற்றோரத்து வில்லோ மரத்தில் வெட்டிய ஒரு கட்டு வளார்க் கழிகளோடு வந்து அவற்றை வளைத்து ஊன்ற ஆரம்பித்தார். கடைசிச் செடிக்குப் போர்வை போதவில்லை. தன் வீட்டுக்குப் போய்ச் சொந்த மெத்தைப் போர்வையை எடுத்து வந்தார்.

மறுநாள் காலை பூசணி இலைகள் கறுத்துத் தொங்கின. படகு நகரும்வரை காத்திராமல், ஸ்பாஸ் அன்றைக்கே, சொன்னதற்கு முன்பாக, யாரோ ஒருவருடைய லாரியில் வந்து இறங்கினான். கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை, கட்டில்களில் விரிப்புகூட இல்லை. வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்றே நினைத்துப் பின்பக்கம் ஓடினான். அங்கே அவனுடைய போர்வைகளெல்லாம் பாத்தியில் படுத்திருந்தன. நெவெனா ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். ஓரத்து இலைகள் சில கருகியிருந்தன. உள்ளே பழங்கள் சிவப்பாய்த் தொங்கின.

அவன் பையைக் கூட இறக்கவில்லை. ஒன்றைப் பறித்துக் கடித்தான். சாறு முழங்கை வரை வழிந்தது. நெவெனா சட்டைப்பையிலிருந்து உப்பை எடுத்து நீட்டினாள். இரண்டாவதையும் தின்றான். மூன்றாவதைப் பறித்தபோதுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"இது எப்படி?"

"நீ கேட்டே," என்றாள் அவள்.

எப்போது கேட்டேன் என்று அவன் எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அவள் சொல்லவும் இல்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மத்தியானம் தக்காளியை நறுக்கி, வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, மிங்கோவையும் கூப்பிட்டார்கள். அவர் தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு, அடுத்த வருஷம் தன் வீட்டுத் தளிர்களையும் ஜாடியில் போட்டுத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய மெத்தைப் போர்வை பனியில் நனைந்து கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பாஸ் பையிலிருந்த படகுக் கம்பளியை எடுத்து அவர் தோளில் போட்டு அனுப்பிவைத்தான்.