வால்பாறை விமலாராணியின் புறா

புறா விஷயத்தில் பொய் சொல்கிறவனைக் கண்டால் ஞானாபரணத்துக்கு ஆகாது. வேறு எதில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கட்சிக்காரன் சொல்கிறான், டாக்டர் சொல்கிறான், இவர் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்த்த காலம் முழுக்க முதலாளி சொன்னார். இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் புறாவைப் பற்றிப் பேச ஒரே ஒரு இடமாவது பொய்யில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

அப்படி ஒரு இடம் இல்லை. கோயமுத்தூரில் புறாக்களைவிட போனில் புறாக் குழுக்கள் அதிகம். எதைத் திறந்தாலும் வியாபாரம். கிழட்டுப் புறாவைக் குளிப்பாட்டிப் படம் பிடித்து, 'பந்தயம் ஜெயித்த பறவை' என்று போடுவான் ஒருவன். கீழே வரிசையாக 'சூப்பர் ப்ரோ'. ஞானாபரணம் நாலாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுத வராது. போனைப் பார்த்துப் பேசினால் அது எழுத்தாக்கிக் கொடுக்கும். "டேய், அது உன்ற அப்பன் வயசுப் புறாடா" என்று பேசுவார். உடனே குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். தூக்காத குழு பாக்கியில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவர் மனைவியின் தம்பி லியோதான் யோசனை சொன்னான். "நாமளே ஒண்ணு ஆரம்பிச்சுப்போடலாமுங்க மச்சான்." இணையத்தில் 'மாடப்புறா மன்றம்' பிறந்தது. விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. மூன்றும் ஞானாபரணம் போட்ட சட்டம்.

ஒரு மாதம் ஈ காக்கை வரவில்லை. பிறகு பவானி சபரீஷ், தினமும் ஜோக் போடும் யூசுப் என்று மளமளவென்று ஆள் சேர்ந்தது. அதில் ஒருத்தி வால்பாறை விமலாராணி. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் குடியிருப்பு. புருசன் செத்துவிட்டான், அவன் வளர்த்த ஜோடிப் புறா மட்டும் மிச்சம், ஆண் புறா கழுத்தைத் திருகிக்கொண்டு தீனி எடுக்க மாட்டேன் என்கிறது என்று எழுதினாள். ஞானாபரணம் தினமும் பதில் சொன்னார். இருட்டில் தனியாக வை, கம்பை ஊறவைத்துக் கையால் ஊட்டு என்றார். கோபிசெட்டிபாளையம் வெள்ளியங்கிரி என்பவரும் கூடச் சேர்ந்து யோசனை சொன்னார். யாரையும் நம்பாத ஞானாபரணம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முட்டி போட்டு அந்தச் செத்த புருசனுக்காகவும் ஜெபம் செய்துவிட்டு வந்தார்.

ஒருநாள் அவள், 'ஆண் புறா போய்விட்டது ஐயா, பெட்டை கூண்டு மூலையிலேயே நிற்கிறது' என்று எழுதினாள்.

ஞானாபரணம் போனை வைத்தார். தன் கூண்டிலிருந்து நல்ல ஆண் புறா ஒன்றைப் பிடித்துக் கூடையில் போட்டு, துண்டால் மூடி, பொள்ளாச்சி போய் வால்பாறை பஸ் ஏறினார். துக்க வீட்டுக்கு நேரில் போகாமல் போனில் முடித்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வந்தது. மடியில் புறாவும் பயந்து வேட்டியை நாறடித்தது.

அவள் எழுதிய எஸ்டேட்டில் லயம் லயமாக விசாரித்தார். விமலாராணி என்று யாருமே இல்லை. தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மாசாணம் என்பவர் கூடையைப் பார்த்துச் சிரித்தார்.

"பெரியவரே, இங்க சிறுத்தை நாயவே தூக்கிட்டுப் போகுது. புறா வளக்குறாங்கன்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

மறுநாள் காலை லியோவின் கடை திறக்கும் முன்பே ஞானாபரணம் வாசலில் நின்றார். லியோ பார்த்ததுமே முழித்தான்.

"வால்பாறை போயிட்டு வாரேன்."

"ஐயோ மச்சான்... போவீங்கன்னு நான் கண்டனுங்களா?"

"அவ யாருடா?"

"நாந்தானுங்க."

"பவானி சபரீஷு?"

"அதும் நானுங்க."

"தெனமும் ஜோக்கு போடுவானே, அந்த யூசுப்பு?"

லியோ தலையைச் சொறிந்தான். "காலியா கெடக்குற ஓட்டல்ல எவனாச்சும் சாப்புட உக்காருவானுங்களா? நாலு பேரு தின்னுட்டு இருக்கற மாதிரி காட்டோணும். எல்லா மன்றமும் இப்படித்தானுங்க வளருது. அதப் பாத்துத்தானே நெச ஆளுக வந்தாங்க. கோபி வெள்ளியங்கிரி நெசம். இன்னும் நெறையப் பேரு நெசமுங்க."

"புருசன எதுக்குடா கொன்ன?"

"கதை உருக்கமா இருக்கட்டும்னு..."

"நான் முட்டி போட்டு ஜெபம் பண்ணுனேன்டா, நாயே! கர்த்தரு என்னையப் பாத்துச் சிரிச்சிருப்பாரு. அந்தக் களவாணிக் குழுக்காரனுக கூடப் புறாவக் காட்டித்தான்டா ஏமாத்துனானுக. நீ இல்லாத புறாவுக்கு என்னைய அழ வெச்சிட்ட."

அங்கேயே நின்று போனை வாய்க்கு நேரே பிடித்து மன்றத்தில் போட்டார். "விமலாராணி இல்ல. சபரீஷ் இல்ல. யூசுப்பும் இல்ல. எல்லாம் என்ற மச்சினன் லியோ கட்டுன வேஷம். நான் புறா எடுத்துட்டு வால்பாறைக்கே போயி அசிங்கப்பட்டு வந்தேன். இருக்கறவங்க இருங்க, போறவங்க போங்க."

"முடிச்சுட்டீங்க. மூணு மாசத்துப் பாடு" என்று லியோ நாற்காலியில் விழுந்தான்.

சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதுகூட ஞானாபரணத்துக்கு உறைக்கவில்லை. கோபி வெள்ளியங்கிரி எழுதியதை லியோ படித்துக் காட்டினான். அதுதான் உறைத்தது.

'ஏனுங்க, மிச்சத்தையும் சொல்லிப்போடுங்க. ஞானாபரணம்னும் ஒரு ஆளு கிடையாதுங்க. முகந்தெரியாத பொம்பளையோட புறாவுக்காக எந்தக் கிழவனாச்சும் வால்பாறை மலை ஏறுவானுங்களா? கம்ப்யூட்டரே கதை எழுதுற காலமுங்க இது. இந்தக் கிழவனையும் அந்த லியோதான் செஞ்சு உட்டிருக்கான்.'

கீழே பத்துப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

ஞானாபரணம் வாழ்க்கையில் நம்பிச் செய்த ஒரே காரியத்தைத்தான் ஒருத்தனும் நம்பவில்லை.

"ஒரு வீடியோ எடுத்துப் போட்டுருவோமுங்க மச்சான்" என்றான் லியோ மெதுவாக.

"வீடியோவையும் நீதான் செஞ்சேன்னு சொல்லுவான். கொண்டா இங்க."

போனைப் பிடுங்கினார். இந்த முறை போனிடம் பேசி எழுத வைக்கவில்லை. ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். கதவு நம்பர், சந்து, சவுரிபாளையம், சர்ச்சுக்குப் பின்னால். கீழே, 'வந்து பாருடா' என்று சேர்த்தார்.

லியோ பதறிப்போனான். "ஊட்டு அட்ரஸை இன்டர்நெட்டுல போடாதீங்க மச்சான்! திருடன் வந்துருவானுங்க."

"வரட்டும்" என்று அனுப்பும் பொத்தானை அழுத்தினார். "திருடனா இருந்தாலும் நெச ஆளா வருவானல்ல."